ஸ்பீடு எவ்ளோ பாஸ்?

லேப்டாப் கடை. அப்பா, நீங்கள், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க ஒரு சேல்ஸ் அண்ணன். மேஜை மேல் ரெண்டு லேப்டாப். ரெண்டுமே 'ஐ-5'. ரெண்டின் அட்டையிலும் ஒரே வரி... '4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை'. ஆனால், விலையில் மட்டும் ஏழாயிரம் ரூபாய் வித்தியாசம். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்கிறார்: "ஏம்ப்பா, ரெண்டும் ஒரே ஸ்பீடுதானே... இதுக்கு மட்டும் எதுக்கு ஏழாயிரம் ஜாஸ்தி?"

"அது கேமிங் மாடல் சார்!"

பதில் வந்துவிட்டதாக அண்ணன் நினைக்கிறார். அப்பா நினைக்கவில்லை. மெதுவாக உங்கள் பக்கம் திரும்புகிறார். பி.இ. படிக்கிற பிள்ளை ஆச்சே! நீங்கள் சீலிங் ஃபேனைப் பார்க்கிறீர்கள்.

வெட்கப்படாதீங்க. அப்பா கேட்டது லேசுப்பட்ட கேள்வி இல்லை. அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகள் இந்தக் கேள்வியை வைத்துப் பல வருஷம் குடுமிப்பிடி சண்டை போட்டிருக்கின்றன. அதில் ஒரு கம்பெனி அந்த நம்பருக்காகவே ஒரு சிப் பரம்பரையை உருவாக்கி, கடைசியில் கையைச் சுட்டுக்கொண்டது. நிஜமாகவே சூடுதான் பிரச்னை. அதற்கு அப்புறம் வருவோம்.

முதலில், இந்தக் கிளாக் ஸ்பீடு என்பது என்ன? நம்ம ஊர் புரோட்டா மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கை நிமிஷத்துக்கு எத்தனை தடவை வீசுகிறது என்பதுதான் கிளாக். 4 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 400 கோடி வீச்சு. ஆனால், ஒரு வீச்சுக்கு எத்தனை புரோட்டா தயாராகிறது என்பது வேறு கணக்கு. பக்கத்துக் கடை மாஸ்டர் நிதானமாகத்தான் வீசுவார், ஆனால் ஒரே நேரத்தில் ரெண்டு வீசுவார். பசியோடு உட்கார்ந்திருக்கிற நமக்கு எது முக்கியம்? இலையில் வந்து விழுகிற புரோட்டாதானே!

இலையில் விழுவது = வீச்சு × வீச்சுக்கு எத்தனை. அவ்வளவுதான் ஃபார்முலா. சிக்கல் என்னவென்றால், முதல் நம்பரை அட்டையில் அச்சடிக்கலாம். இரண்டாவது நம்பர் நீங்கள் ஓட்டுகிற சாஃப்ட்வேருக்கு ஏற்ப மாறும். அதனால் அச்சடிக்க முடிந்ததையே எல்லாரும் விற்றார்கள்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு வட்டமான சிலிக்கான் தகட்டில் ஒரே டிசைனில் நூற்றுக்கணக்கில் சிப்புகளைச் செய்கிறார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால், எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி ஓடாது. ஒன்று 2.9 ஜிகாஹெர்ட்ஸில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். இன்னொன்று 2.4-லேயே மூச்சு வாங்கும். ஒவ்வொன்றாக டெஸ்ட் பண்ணித் தரம் பிரிப்பார்கள். மாங்காய் மண்டியில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று கூடை பிரிக்கிற மாதிரியேதான். வேகமான பிள்ளைகள் கம்மியாகத்தான் தேறும். அதனால் விலை ஏறும்.

எவ்வளவு ஏறும்? 2006 ஜூலையில் இன்டெல் 'கோர் 2 டியோ' சிப்புகளை வெளியிட்டபோது மொத்த வியாபாரிகளுக்குச் சொன்ன விலையைப் பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிப் 316 டாலர். 2.66 ஜிகாஹெர்ட்ஸ் 530 டாலர். 2.93 ஜிகாஹெர்ட்ஸ் 999 டாலர்! ஒவ்வொரு படிக்கும் வேகம் ஏறுவது சுமார் பத்து சதவீதம்தான். விலையோ முதல் படிக்கு 68 சதவீதம், அடுத்த படிக்கு 88 சதவீதம் எகிறுகிறது. ஆக, ஒரே குடும்பத்துக்குள் கிளாக்தான் விலையை முடிவு பண்ணுகிறது. இதில் சந்தேகமே இல்லை. உச்சாணிக் கொம்பில் இருக்கிற பழத்துக்குத் தனி ரேட்டு.

ஆனால், மண்டியில் இன்னொரு வேலையும் நடக்கும். இரண்டாம் தரக் கூடைக்குத்தான் கூட்டம் அலைமோதுகிறது, கையில் இருப்பதோ எல்லாம் முதல் தரப் பழம் என்றால் வியாபாரி என்ன செய்வார்? நல்ல பழத்தையே எடுத்து இரண்டாம் கூடையில் போடுவார். 1998-ல் இதுதான் நடந்தது. கம்ப்யூட்டர் பைத்தியங்கள் இன்றைக்கும் கண் கலங்கிப் பேசுகிற கதை இது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 24-ம் தேதி இன்டெல் ஒரே நாளில் ரெண்டு சரக்கு இறக்கியது. ஒன்று, பணக்கார வீட்டுப் பிள்ளை... 450 மெகாஹெர்ட்ஸ் 'பென்டியம் 2', விலை 669 டாலர். இன்னொன்று, ஏழை வீட்டுப் பிள்ளை... 300 மெகாஹெர்ட்ஸ் 'செலரான் 300ஏ', விலை 149 டாலர். ஆயிரம் டாலருக்குள் அடங்குகிற கம்ப்யூட்டர்களில் ஏ.எம்.டி. புகுந்து விளையாடிக்கொண்டிருந்த நேரம் அது. அதைத் தடுக்கத்தான் செலரான்.

செலரானின் வேகம் 66 × 4.5 = 300. அந்த 4.5 பூட்டுப் போட்டது, யாரும் தொட முடியாது. ஆனால், 66 என்பது மதர்போர்டு தருகிற துடிப்பு. பென்டியம் 2-க்கான நல்ல மதர்போர்டு 100 தரும். 100 × 4.5 எவ்வளவு? கால்குலேட்டரைத் தேடாதீங்க... 450! அமெரிக்க மாணவர்கள் 149 டாலர் சிப்பை வாங்கி, 100 மெகாஹெர்ட்ஸ் போர்டில் செருகினார்கள். நிறைய சிப்புகள் முணுமுணுக்காமல் 450-ல் ஓடின. சில போர்டுகளை ஏமாற்ற, சிப்பின் ஒரு குறிப்பிட்ட காலில் டேப் ஒட்டினாலே போதும். நெயில் பாலிஷ் தடவினவர்களும் உண்டு. (அக்காவின் நெயில் பாலிஷ் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்ட வரலாற்றுத் தருணம்!)

இப்போது யோசியுங்கள். ஒரே கம்பெனி, ஒரே நாள், ஒரே 450 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுக்கு 149, இன்னொன்றுக்கு 669. பென்டியம் 2-ல் கேஷ் மெமரி அதிகம் என்பது நிஜம்தான். ஆனால், செலரானின் கேஷ் சிப்புக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது. பல கேம்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் அந்த 520 டாலர் எதற்கு? செலரானில் '450' என்று எழுதி விற்றால் 669 கொடுத்து எவன் வாங்குவான்? அந்த பயத்துக்குத்தான்! அட்டையில் இருக்கிற கிளாக், சிப்பால் எவ்வளவு முடியும் என்பதை மட்டும் சொல்வதில்லை. எந்த விலைக்கு எந்தக் கூடை என்று கம்பெனி போட்ட பாத்தியையும் சொல்கிறது.

விலை சரி, மவுசு? ஸ்பீடு ஏற ஏற ஜனங்கள் ஓடி வந்து வாங்கினார்களா? ஒரு காலத்தில் வாங்கினார்கள். 2000 மார்ச் மாதம் அதற்கு உச்சகட்டம். 'முதலில் 1 ஜிகாஹெர்ட்ஸைத் தொடுவது யார்?' என்று இன்டெல்லுக்கும் ஏ.எம்.டி.க்கும் ரேஸ். மார்ச் 6-ம் தேதி ஏ.எம்.டி.யின் 'ஆத்லான்' கோட்டைத் தொட்டது. ரெண்டே நாள் கழித்து, மார்ச் 8-ல் இன்டெல்லின் 'பென்டியம் 3'.

ஏ.எம்.டி. அன்றைக்குச் சொன்ன விலைதான் எனக்குப் பிடித்த விஷயம். 900 மெகாஹெர்ட்ஸ் 899 டாலர். 950 மெகாஹெர்ட்ஸ் 999 டாலர். 1000 மெகாஹெர்ட்ஸ் 1,299 டாலர். கவனியுங்கள்... முதல் 50 மெகாஹெர்ட்ஸ் தாண்ட நூறு டாலர். அடுத்த 50 மெகாஹெர்ட்ஸ் தாண்ட முந்நூறு! வேலையில் பார்த்தால் ரெண்டு 50-ம் ஒரே 50-தான். அப்புறம் ஏன்? கடைசிப் படியில் நீங்கள் வாங்கியது 50 மெகாஹெர்ட்ஸ் இல்லை பாஸ்... ஒன்றுக்குப் பின்னால் மூன்று சைபர்! ஃபேன்ஸி நம்பர் பிளேட்டுக்கு ஏலத்தில் பணம் கட்டுகிற மாதிரி.

அந்த ரேஸில் இன்டெல் தடுக்கியும் விழுந்தது. அதே வருஷம் ஜூலை கடைசியில் 1.13 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அவசர அவசரமாக இறக்கியது. வன்பொருள் விமர்சகர்கள் வாங்கி, லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் பண்ணப் பார்த்தால் பாதியில் படுத்துவிட்டது. ஆகஸ்ட் முடிவதற்குள் மொத்தச் சரக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அதோடு புத்தி வந்ததா? வரவில்லை. 2000 நவம்பரில் வந்தது 'பென்டியம் 4'. நான் முன்னாடி சொன்னேனே, நம்பருக்காகவே பிறந்த பரம்பரை... இதுதான்.

மறுபடி புரோட்டா கடைக்கு வாங்க. ஒரே மாஸ்டர் எல்லா வேலையும் செய்யாமல், மாவு பிசைய ஒருவர், உருண்டை பிடிக்க ஒருவர், வீச ஒருவர், சுற்ற ஒருவர், கல்லில் போட ஒருவர் என்று வரிசையாக நிறுத்திவிட்டால்? ஒவ்வொருவருக்கும் துளியூண்டு வேலை. எனவே எல்லார் கையும் படு ஸ்பீடாக ஓடும். சிப் பாஷையில் இதற்குப் பெயர் பைப்லைன். பென்டியம் 3-ல் வரிசையில் 10 பேர். பென்டியம் 4-ல் 20 பேர்! கிளாக் எகிறாமல் என்ன செய்யும்? 1.4, 1.5 என்று ஆரம்பித்து அது பாட்டுக்குப் பறந்தது.

ஆனால், சப்ளையர் ஆர்டரை ஊகித்துச் சொல்கிறவர் என்று வையுங்கள். (சிப்பும் அப்படித்தான். அடுத்து எந்த வழியில் போக வேண்டும் என்று முன்கூட்டியே ஊகித்து வேலையை ஆரம்பித்துவிடும்.) "நாலு சாதா" என்று குரல் கொடுத்துவிட்டார். கஸ்டமரோ, "நான் கேட்டது முட்டை புரோட்டா" என்கிறார். ஒரே மாஸ்டர் என்றால் ஒரு புரோட்டாதான் வீண். வரிசையில் 20 பேர் என்றால்? இருபது கையில் இருப்பதும் குப்பைக்கு! பிசைவதிலிருந்து மறுபடி ஆரம்பம். அதனால்தான், பல அன்றாட வேலைகளில் 1 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, புத்தம் புது 1.4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ மிரட்டியது.

2001 அக்டோபரில் ஏ.எம்.டி. சாமர்த்தியமாக ஒரு வேலை செய்தது. தன் சிப்புக்குக் கிளாக்கைப் பெயராக வைப்பதையே நிறுத்திவிட்டது. 'ஆத்லான் எக்ஸ்.பி. 1800+' என்று பெயர். நிஜ வேகம் 1.53 ஜிகாஹெர்ட்ஸ்தான். '1800' என்ற நம்பரைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன ஞாபகம் வர வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்களோ, அதுவே வந்தது!

இந்த 2001-ம் வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'ஸ்பீடு ஏறினால் டிமாண்ட் ஏறும்' என்ற நம்பிக்கைக்கு அந்த வருஷம் வைத்த பரீட்சை மாதிரி வேறு எந்த வருஷமும் வைக்கவில்லை. வருஷ ஆரம்பத்தில் பென்டியம் 4-ன் உச்ச வேகம் 1.5. ஆகஸ்டில் 2 ஜிகாஹெர்ட்ஸ். எட்டே மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். விற்பனை? உலக அளவில் எல்லா வகை சிப்புகளின் விற்பனையும் சேர்த்து 2000-ல் 204 பில்லியன் டாலர். 2001-ல் 139 பில்லியன். மூன்றில் ஒரு பங்கு காலி! கம்ப்யூட்டர் விற்பனையும் 1985-க்குப் பிறகு முதல் தடவையாக அந்த வருஷம்தான் சரிந்தது.

டாட்காம் கம்பெனிகள் மூட்டை கட்டிவிட்டன. டெலிகாம் கம்பெனிகள் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்திருந்தன. ஒய்-2-கே பயத்தில் 1999-லேயே எல்லா ஆபீஸும் புது கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. அந்தப் பெட்டிகளில் வேர்டும் எக்ஸெலும் நன்றாகவே ஓடின. வாங்க வேண்டிய அவசியமே இல்லாதவனிடம் போய், "இது ரெண்டு ஜிகாஹெர்ட்ஸ் சார்" என்றால் என்ன செய்வான்? டீ குடித்துவிட்டுப் போய்விடுவான். 2 ஜிகாஹெர்ட்ஸ் சிப்பை 562 டாலருக்கு அறிமுகப்படுத்திய கையோடு, மற்ற பென்டியம் 4-களின் விலையை 54 சதவீதம் வரை வெட்டியது இன்டெல்.

நம்பர் பைத்தியம் தெளிந்தது 2004-ல்தான். அந்த வருஷம் வந்த 'பிரெஸ்காட்' பென்டியம் 4-ல் பைப்லைன் வரிசை 31 ஆக நீண்டது. அடுப்போ தாங்கவில்லை. கிளாக்கை ஏற்ற வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். வோல்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் சூடு நாலு மடங்கு என்கிற கணக்கு. அதுக்கு மேல் கிளாக் வேறு தன் பங்குக்குச் சேரும். பிரெஸ்காட்டை 'பிரெஸ்ஹாட்' என்று கேலி செய்தார்கள். கடைசியில் பென்டியம் 4 நின்ற இடம் 3.8 ஜிகாஹெர்ட்ஸ். வருகிறது, வருகிறது என்று சொன்ன 4 ஜிகாஹெர்ட்ஸ் சிப்பை அக்டோபரில் ரத்து செய்தார்கள். அதற்காக இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட், ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில் எல்லார் முன்னாலும் மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகத்தான். ஆனாலும், முட்டி தரையைத் தொட்டது!

அதே வருஷம் இன்டெல்லும் சிப்புகளுக்கு மாடல் நம்பர் வைக்க ஆரம்பித்தது. காரணம், வீட்டுக்குள்ளேயே இருந்தது. இஸ்ரேலில் அவர்களுடைய ஹைஃபா டீம் லேப்டாப்புக்காகச் செய்த 'பென்டியம் எம்' கம்மி கிளாக்கில் நிறைய வேலை பார்த்தது. ஜிகாஹெர்ட்ஸ் போட்டு விற்றால் தன் நல்ல சரக்கைத் தானே மட்டம் தட்டுவது போல ஆகிவிடும். பத்து வருஷம் 'நம்பரைப் பார்த்து வாங்கு' என்று சொல்லிக் கொடுத்தவர்களே, 'நம்பரைப் பார்க்காதே' என்று பாடத்தை மாற்ற வேண்டி வந்தது.

மேலே சொன்ன கோர் 2 டியோவும் அந்த வழியில் வந்ததுதான். 316 டாலர், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கோர் 2 டியோ, 3.73 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிய 999 டாலர் பென்டியத்தைப் பெரும்பாலான சோதனைகளில் தோற்கடித்தது. அடி அதிகம் விழுந்தது எதிர் முகாமுக்கு. ஏ.எம்.டி.யின் 'ஆத்லான் 64 எக்ஸ்-2 5000+' 696 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. 2006 ஜூலை 24-ம் தேதி அதன் விலை 301 டாலர். முந்தின நாள் 2.6 ஜிகாஹெர்ட்ஸ். மறுநாளும் அதே 2.6 ஜிகாஹெர்ட்ஸ். கிளாக் ஒரு ஹெர்ட்ஸ்கூடக் குறையவில்லை. எதிர்க் கடையில் நல்ல சரக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். இதைவிடத் தெளிவாக அப்பாவின் கேள்விக்கு வேறு யாரும் பதில் சொல்லிவிட முடியாது.

சமீபத்துக் கதைகளையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். 2021-ல் உலகம் முழுக்கக் கார் தொழிற்சாலைகள் சிப் கிடைக்காமல் நின்றனவே... எந்த சிப்புக்குத் தட்டுப்பாடு? 5 ஜிகாஹெர்ட்ஸ் சிப்புக்கா? பெரும்பாலும் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குள் ஓடுகிற, சில டாலர் விலையுள்ள பழைய ரக மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு! கண்ணாடியை ஏற்றி இறக்க, பிரேக்கைக் கவனிக்க அது போதும். ஆனால், அது இல்லாமல் கார் ஷெட்டை விட்டு வெளியே வராது. அந்த ஒரு வருஷத்தில் கார் கம்பெனிகளுக்கு 210 பில்லியன் டாலர் விற்பனை போகும் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் நிறுவனம் கணக்குப் போட்டது.

இன்னொரு முனையில், ஏ.ஐ.க்காக உலகமே வரிசையில் நின்று வாங்கிய என்விடியாவின் 'எச்-100'. அதன் உச்ச கிளாக் 2 ஜிகாஹெர்ட்ஸைக்கூடத் தாண்டாது. மெமரியோடு சேர்த்து ஒரு கார்டுக்கு 25,000 முதல் 40,000 டாலர் வரை போனதாகச் செய்திகள் வந்தன. 2024 மார்ச்சில் இன்டெல் வெளியிட்ட 'ஐ-9 14900கே.எஸ்.' 6.2 ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டது. விலை 689 டாலர். மூணு மடங்கு கிளாக், விலையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை! எச்-100 ஆமை வேகத்தில் வீசினாலும், ஒரு வீச்சுக்கு ஆயிரக்கணக்கில் புரோட்டா போடுகிற மாஸ்டர். ஆனால், ஐ-9 வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள்... 6.0 தொடுகிற '14900கே' 589 டாலர், 6.2 தொடுகிற தம்பி 689. அந்த 0.2-க்கு நூறு டாலர். 2000 மார்ச்சில் பார்த்த அதே ஃபேன்ஸி நம்பர் வியாபாரம், ஒரே குடும்பத்துக்குள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

சரி, கடையில் அப்பா காத்துக்கொண்டிருக்கிறார்.

'4.4 வரை' என்று போட்ட ரெண்டு ஐ-5 என்றேனே... 2022-ல் வந்த ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஒன்று '1235யு'. இன்னொன்று '12450எச்'. ரெண்டுக்கும் உச்சம் 4.4 ஜிகாஹெர்ட்ஸ்தான். 'யு' சிப்பில் பெரிய கோர் ரெண்டு, சின்ன கோர் எட்டு. 'எச்' சிப்பில் பெரிய கோர் நாலு, சின்ன கோர் நாலு. அந்த 4.4 பெரிய கோர்களுக்கு மட்டும்தான். அதுவும் 'வரை' என்ற குட்டி வார்த்தையைப் பாருங்கள், சூடு ஏறாமல் இருக்கும் வரை! முக்கியமான வித்தியாசம், 'யு' 15 வாட் அடுப்பு, 'எச்' 45 வாட் அடுப்பு. நீண்ட நேரம் முழுச் சுமை ஏற்றினால் பெரிய கோருக்கு உத்தரவாதமான கிளாக் 'யு'வில் 1.3 ஜிகாஹெர்ட்ஸ், 'எச்'சில் 2 ஜிகாஹெர்ட்ஸ். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது ஒரே நம்பர். பொடி எழுத்தில் இருப்பது வேறு நம்பர்.

அதனால் சேல்ஸ் அண்ணனிடம், "ஸ்பீடு எவ்ளோ?" என்று கேட்காதீங்க. "அண்ணே, இந்த ப்ராசஸர் எத்தனை வாட்? பெரிய கோர் எத்தனை?" என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் உங்களைப் புதுசாகப் பார்ப்பார். தெரியாது என்றால் மாடல் நம்பரை வாங்கி, நீங்களே போனில் பார்த்துக்கொள்ளலாம். ரெக்கார்டு நோட், பி.பி.டி., கொஞ்சம் பைத்தான், ராத்திரி படம் என்றால் 15 வாட் அடுப்பே ஏதேஷ்டம், ஏழாயிரம் மிச்சம். மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும், டிசைன் புராஜெக்ட்டுக்கு சிமுலேஷன் போட வேண்டும் என்றால் மட்டும் அந்த ஏழாயிரத்தைக் கேளுங்கள். காரணத்தோடு கேட்டால் அப்பா கொடுப்பார்.

கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்பார் பாருங்கள்... "பேட்டரி எத்தனை மணி நேரம்ப்பா நிக்கும்?" அதிலே பெரும்பாலும் அந்த 15 வாட்காரன்தான் ஜெயிப்பான்.